தகட்டிலிருந்து எஞ்சின்

பிரிட்டனின் பிரதான இருப்புப்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் அன்றாட ஆட்சி 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு முடிவுற்றது. அவ்வெஞ்சின்கள் பழைய இரும்பாக உடைபட்டு முடிந்த பிறகு வந்த பத்தாண்டுகளிலேதான், அவற்றைச் சிற்றுருவில் மறுபடியும் சமைத்துக்கொள்ள உதவும் சாதனங்களுள் மிக நுட்பமானதாகிய அரித்தெடுத்த உலோகத் தகடு, சாமானியப் பொழுதுபோக்காளரின் மேசைக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. தட்டையான ஓர் உறை. அதனுள்ளே பித்தளையிலும் ஜெர்மன் வெள்ளியிலும் ஆன இரண்டு மூன்று தகடுகள். அத்தகடுகளில் எஞ்சினின் பக்கச் சுவர்களும் அடிச்சட்டங்களும் இணைப்புத் தண்டுகளும் ஏறுபடிகளும் சிறு சிறு காம்புகளால் தம் சட்டகத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கூடவே சில வார்ப்புகள், சில கம்பிகள், பல பக்கங்கள் கொண்ட செய்முறைக் குறிப்பு. சக்கரமும் மோட்டாரும் பற்சக்கரமும் பெரும்பாலும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டியவை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஓடக்கூடிய ஓர் எஞ்சினை உண்டாக்குகிறவனை அதன் கர்த்தா என்று சொல்லலாமா, பிறர் வெட்டி வைத்ததை ஒட்டி முடிப்பவன் என்று மட்டுமே சொல்ல வேண்டுமா என்பது இத்துறையில் நெடுநாளாக நடந்துவரும் விவாதம்.

வெறுந்தகட்டில் கூர்முனையால் கோடு கிழித்து, இழை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்துகொண்ட பழைய பரம்பரையினர், உறையைப் பிரித்து வேலை செய்பவனை அரைகுறைச் சிற்பியாகவே மதித்தார்கள். பெட்டியைத் திறந்தவுடன் தண்டவாளத்தில் வைத்து ஓட்டக்கூடிய எஞ்சின்களை வாங்கிப் பழகிய பிற்காலத்தவரோ, காசும் கொடுத்து விரலையும் சுட்டுக்கொள்கிற பைத்தியக்காரத்தனம் இது என்கிறார்கள். உழைப்பு எங்கே கிடக்கிறது என்பதை இரு சாராரும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அரிப்பு முறை வந்தபின், அளந்து அறுக்கும் உழைப்பு வரைபடம் போடுபவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. மடித்தும் வளைத்தும் நேர்பார்த்தும் சூடுவைத்தும் இணைக்கும் உழைப்பு, முன்னிலும் கண்டிப்பானதாகிக் கட்டுகிறவனிடமே நின்றுவிட்டது. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாமல் கட்டுகிறவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சிற்றுரு ரயிலின் சரித்திரம் தகரத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்துப் பட்டறைகளும், கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் கம்பெனியும், வர்ணம் பூசிய தகரத்தை மடித்து வண்டிகளும் எஞ்சின்களும் செய்து உலகமெங்கும் அனுப்பின. இங்கிலாந்தில் நார்தாம்டன் நகரத்தவரான பாஸெட்-லோக், நூரம்பர்க்கின் பிங் கம்பெனியைக் கொண்டு ஆங்கில எஞ்சின்களின் சாயலில் செய்வித்துத் தம் நாட்டில் விற்றார். மெக்கானோவால் நம் நாட்டுச் சிறுவர்களுக்கும் அறிமுகமான ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி, 1920-இல் ரயில் பொம்மைகளையும், 1938-இல் ‘டப்ளோ’ என்னும் சிறிய மேசை ரயிலையும் வெளியிட்டது. இவை யாவும் சாயல்களேயன்றிப் பிரதிமைகள் அல்ல. நிஜ எஞ்சினின் அளவுகளைக் கேட்டறிந்து அவற்றையே பிரமாணமாகக் கொண்டு கட்டியவர்கள் கடைக்கு வெளியே, தங்கள் வீட்டு மேசைகளில் இருந்தார்கள். மேடர் வேலி என்னும் கற்பனைப் பாதையை அமைத்த ஜான் அகர்ன் அவர்களுள் ஒருவர்; ஆக்ஸ்போர்டுஷையரில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரிலுள்ள பெண்டன் காட்சிச்சாலைக்காக கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களை வரிசை வரிசையாகக் கட்டித் தந்த கை வில்லியம்ஸ் மற்றொருவர். அகர்னின் பாதையும் இப்போது அந்தக் காட்சிச்சாலையிலேயே இருக்கிறது. தகட்டையும் ரம்பத்தையும் கொண்டு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அறிய விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

1950-களில் வெள்ளீயக் கலவையை ரப்பர் அச்சுகளில் வார்த்து உண்டாக்கிய உறுப்புத் தொகுதிகள் கடைக்கு வந்தன. அவற்றை ஒட்டுவது எளிது. கனமும் உண்டாகையால் அவை நன்றாக இழுக்கவும் செய்தன. ஆயினும் வார்ப்பின் தடிமனைக் குறைக்க வழியில்லாமையால் ஓட்டுநர் அறையின் சுவர் கோட்டைச் சுவராகத் தோன்றிற்று, விளிம்புகள் மழுங்கின, ரிவிட் தலைகள் கொப்புளங்கள் ஆயின. நுட்பத்தை நாடியவர்களுக்கு இவை திருப்தி அளிக்கவில்லை.

அரிப்புக் கலை புதியதன்று. ஐரோப்பாவில் போர்க்கவசங்களுக்கு அலங்காரம் செய்தவர்கள் மெழுகு பூசிக் கீறி அமிலமிட்டு உருவங்களைத் தோற்றுவித்தார்கள்; டூரர் போன்ற ஓவியரும் இரும்புத் தகட்டில் அம்முறையைப் பரீட்சித்துப் பார்த்தார். புகைப்படத்தின் ஆதிகர்த்தாக்களுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், ஒளிபட்டால் இறுகும் ஜெலாட்டினைத் தகட்டின்மேல் பூசிப் படத்தைப் பதித்து, ஒளி படாத இடங்களைப் பெர்ரிக் குளோரைடு திரவத்தால் அரிக்கும் முறைக்கு 1858-இல் உரிமை பெற்றார். நம் பத்திரிகைக் காரியாலயங்களில் ஈய எழுத்துக் காலத்தில் படங்களுக்கு ‘பிளாக்’ எடுத்ததும் இந்தத் தத்துவத்தின்படிதான். அங்கே துத்தநாகமும் வேறு அமிலமும் உபயோகமாயின. பிற்காலத்தில் ரேடியோவுக்கும் கணினிக்கும் வேண்டிய மின்சுற்றுப் பலகைகளைச் செய்வதற்காக இந்த ரஸாயனம் பெருந்தொழிலாக வளர்ந்தது. அத்தொழிலின் தொட்டிகளும் சாதனங்களும் ஊருக்கு ஊர் ஏற்பட்ட பின்னரே, சில டஜன் எஞ்சின்களுக்கு வேண்டிய தகடுகளை மட்டும் அரித்துத் தரச் சொல்லிக் கேட்பது சாத்தியமாயிற்று.

முறை இதுதான். தகட்டின் இரு முகங்களிலும் ஒளியுணர் பூச்சு ஏற்றப்படுகிறது. ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்துமாறு செய்த இரு படச்சுருள்களின் நடுவே தகட்டை வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். பூச்சு இறுகாத இடங்களைக் கழுவி நீக்கியபின், இரு பக்கமிருந்தும் பெர்ரிக் குளோரைடைப் பீச்சியடிக்கிறார்கள். இரு முகங்களிலும் திறந்த இடத்தில் துளை விழுகிறது. ஒரு முகத்தில் மட்டும் திறந்த இடத்தில் தகடு ஏறக்குறையப் பாதி ஆழத்துக்கு அரிபட்டு நின்றுவிடுகிறது. இந்தப் பாதி அரிப்புத்தான் முறையின் உயிர்நிலை. மடிக்க வேண்டிய இடத்தில் உட்புறமாக ஒரு பாதியரிப்புக் கோடு போட்டுவிட்டால் தகடு அக்கோட்டில் தானே நேராக மடிகிறது. ரிவிட் வரவேண்டிய இடத்தில் பின்புறம் ஒரு சிறு குழி வைத்தால், கூர்முனையால் அதை அழுத்தும்போது முன்புறம் சமனான தலைகள் முளைக்கின்றன. கதவின் கீலும், சுற்றுப் பட்டையும், பெயர்ப் பலகையின் எழுத்தும், சுற்றியுள்ள பரப்பைப் பாதி அரித்து நீக்குவதால் தாமே மேலெழுந்து நிற்கின்றன. ரம்பம் ஏந்தியவர்கள் நாட்கணக்கில் பட்ட பிரயாசை ஒரு தொட்டியில் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் திரவத்துக்கு நேராக மட்டும் இறங்கத் தெரியாது. ஆழமாகப் போகப் போகப் பக்கவாட்டிலும் அது தின்றுகொண்டே போகும். ஆகையால் தகட்டின் தடிமனைவிடக் குறுகிய துளையையோ பிளவையோ எதிர்பார்க்கலாகாது. வரைபடம் போடுபவர் ஒவ்வொரு கோட்டையும் இந்த அரிப்புக்கு ஈடுசெய்து சற்று நகர்த்தியே வரைய வேண்டும். இரு பக்கமிருந்தும் வந்த அரிப்புகள் நடுவில் சந்திக்கும் இடத்தில், ஒவ்வோர் உறுப்பின் ஓரத்திலும் மெல்லிய வரப்பு ஒன்று எஞ்சுகிறது. அதை அரத்தால் ராவி எடுக்காதவன் கட்டுகிற எஞ்சினில் எந்த மூலையும் சரியாகப் பொருந்தாது. இதையெல்லாம் முன்கூட்டி யோசித்து, எந்த உறுப்பு எதற்கு முன்னே செல்ல வேண்டும், எந்த நாக்கு எந்தத் துளையில் நுழைய வேண்டும் என்று மனத்திலேயே எஞ்சினை ஒருமுறை கட்டிப் பார்த்து வரைபவர் நல்ல வரைபடக்காரர். அப்படிச் செய்யாதவர்களும் உண்டு. தாம் ஒருபோதும் கட்டிப் பார்க்காத எஞ்சினுக்குத் தகடு வரைந்து விற்றவர்களின் தொகுதிகளை, அனுபவசாலிகள் இன்றும் பெயர் சொல்லாமலே ஒரு பெருமூச்சோடு குறிப்பிடுவார்கள்.

இனி அளவைப் பற்றிய பிரச்சினை. பிரிட்டனில் மிகுதியாக வழங்கும் அளவு 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி. அதாவது நிஜத்தின் 76-இல் ஒரு பங்கு. அந்நாட்டு இருப்புப்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம்; அது இந்தக் கணக்கில் 18.83 மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாக் கண்டத்தில் 3.5 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற அளவுக்கு வகுத்த பாதை அது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் சிறுத்தவை; அக்காலத்து மின்சார மோட்டார் அவற்றினுள் அடங்க மறுத்தது; ஆகவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினின் உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். இதன் விளைவாக ‘டபிள்-ஓ’ என்று வழங்கும் பாதை நிஜ அளவுக்குக் கணக்கிட்டால் ஏழு அங்குலம் குறுகலாகி, முன்னிருந்து பார்க்கும்போது எஞ்சின் தன் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றுகிறது. இக்குறையைச் சகியாதவர்கள் முதலில் 18 மில்லிமீட்டர் பாதையையும், பின்னர் 18.2 மில்லிமீட்டரையும் கைக்கொண்டார்கள். ‘ஈஎம்’ என்ற பெயருடைய இப்பிரிவினரின் சங்கம் 1955-இல் ஏற்பட்டது. 1960-களில் ஒரு கூட்டத்தார் பாதையின் அகலத்தோடு சக்கர விளிம்பின் ஆழத்தையும் தண்டவாள இடைவெளிகளையும் சேர்த்து நிஜத்தின் விகிதத்துக்கே கொண்டுவந்து, 18.83 மில்லிமீட்டரில் ‘புரோட்டோஃபோர்’ என்ற பிரமாணத்தை வகுத்தார்கள்.

இந்தச் சமயபேதங்களில் எது உத்தமம் என்று நிர்ணயிப்பது என் நோக்கமன்று. அவரவர் வீட்டு இடவசதியும் பொறுமையும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது. அரித்தெடுத்த தகடு இம்மூவருக்கும் ஒருங்கே பணி செய்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பக்கச் சட்டங்கள் இரண்டையும் பிரித்து நிறுத்தும் குறுக்குத் தகடுகளை மட்டும் மூன்று அகலங்களில் வரைந்து ஒரே உறையில் வைத்துவிட்டால், வாங்குகிறவன் தன் சம்பிரதாயத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். வார்ப்புச் சட்டத்தில் இவ்வசதி இல்லை.

முதன்முதலாகக் கட்டத் துணிகிறவனுக்கு எந்த எஞ்சின் ஏற்றது என்று கேட்டால், கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் 5700 வகுப்பையே நான் சொல்வேன். 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் இவ்வகுப்பில் கட்டப்பட்டன. அவற்றுள் சில லண்டன் நகரப் போக்குவரத்து நிர்வாகத்திடம் 1971 வரை உழைத்தன. இதன் நீர்த்தொட்டிகள் நடைத்தட்டின்மேல் உட்காராமல் கொதிகலத்தின் இருபுறமும் தொங்குகின்றன. மூன்று அச்சுகள், ஆறு சக்கரங்கள், சக்கரத்தின் விட்டம் 4 அடி 7½ அங்குலம், நம் அளவில் 18.5 மில்லிமீட்டர். அச்சுகளின் இடைவெளிகள் 7 அடி 3 அங்குலமும் 8 அடி 3 அங்குலமும் ஆகையால் சிற்றுருவில் 29, 33 என்று முழு எண்களாகவே அமைகின்றன. சிலிண்டர்கள் இரண்டும் சட்டங்களுக்கு உள்ளே மறைந்திருப்பதால், வெளியே ஆடும் தண்டுகளின் சிக்கல் இல்லை. நம்மவர் ஒருவருக்கு நீலகிரி மலைப்பாதையின் சுவிஸ் எஞ்சினைக் கட்ட வேண்டும் என்று ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்களும், கீழுள்ளது சக்கரத்தையும் மேலுள்ளது பல்தண்டவாளத்தைப் பற்றும் பற்சக்கரத்தையும் இயக்க வேண்டிய அமைப்பும் இருப்பதால், பத்து எஞ்சின் கட்டிய கைக்கே அது உகந்தது. ஆறு சக்கரத்தில் அப்பியாசம் செய்யாமல் அதில் கைவைப்பது வீண்.

வேலை அடிச்சட்டத்தில் தொடங்க வேண்டும். உடலின் அழகில் மயங்கி முதலில் ஓட்டுநர் அறையைக் கட்ட உட்காருகிறவர்கள், கடைசியில் ஓடாத அலங்காரப் பொருள் ஒன்றையே அடைகிறார்கள். இணைப்புத் தண்டுகள் பொதுவாக மெல்லிய தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்துச் செய்யப்படுகின்றன. அவற்றின் துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும், சட்டத்தில் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரமும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஆகவே அளவுகோலை நம்பாமல், முடித்து வைத்த தண்டையே அளவுகோலாகக் கொண்டு, அதன் துளைகளில் நீண்ட கூர் அச்சுகளைச் செருகி, அவை காட்டும் இடத்திலே பேரிங்குகளைப் பற்றவைப்பது அனுபவசாலிகளின் வழி. அடுத்தது கிராங்குகளின் கோணம். ஒரு பக்கத்துக் கிராங்கும் மறுபக்கத்துக் கிராங்கும் 90 பாகை விலகி நிற்க வேண்டும். நிஜ எஞ்சினில் இதன் பிரயோஜனம், ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் நின்று பலமற்றுப் போகும் க்ஷணத்தில் மறுபக்கத்துப் பிஸ்டன் முழுப் பலத்தோடு தள்ளுவது. சிற்றுருவில் மோட்டார் ஓர் அச்சை மட்டுமே சுழற்றுகிறது. ஏனைய அச்சுகளுக்கு இயக்கத்தைக் கொண்டுபோவது தண்டுதான். கோணம் 90-க்கு ஒன்றிரண்டு பாகை கூடினாலும் குறைந்தாலும் பெரிய கேடு இல்லை. மூன்று அச்சுகளிலும் அது ஒரேவிதமாக இருக்க வேண்டும் என்பதே சூட்சுமம். அப்படி இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை விக்கிக்கொண்டு போகும்.

இவ்வளவும் சரியானபின் இன்னொரு கேள்வி எழுகிறது. சட்டத்தில் ஆறு சக்கரங்களும் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால், நாமே அமைத்த பாதையின் மேடு பள்ளங்களில் எப்போதும் ஏதேனும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். இத்தத்துவத்தைக் கொண்டு, ஓர் அச்சை மோட்டாரோடு நிலையாக வைத்து, மற்ற இரண்டையும் நடுவில் ஊசலாடும் ஒரு தண்டின் இரு முனைகளில் தாங்கவைத்தால், எஞ்சின் எப்போதும் மூன்று புள்ளிகளிலேயே நிற்கும். மைக் ஷார்மன் இம்முறையை விரிவாக எழுதிப் பரப்பினார். பின் வந்தவர்கள் மெல்லிய எஃகுக் கம்பியை வில்லாக்கி ஒவ்வோர் அச்சையும் அதன்மேல் மிதக்கவிட்டார்கள். ஆழமான விளிம்புள்ள டபிள்-ஓ சக்கரத்துக்கு இவை அவசியமில்லை என்று சொல்வோர் உண்டு. அது ஓரளவு உண்மையே. எனினும் தண்டவாளத்தைத் தொடுகிற ஒவ்வொரு சக்கரமும் மின்சாரத்தை ஏந்திவருகிறது என்பதை நினைத்தால், எல்லாச் சக்கரமும் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினே மெதுவாக, தயங்காமல் ஊர்ந்து செல்லும் என்பது விளங்கும். ஓர் எஞ்சினின் தரத்தை நான் வேகத்தில் பார்ப்பதில்லை. நடக்கிற மனிதனின் வேகத்துக்கும் கீழே அது எப்படி நகர்கிறது என்பதில்தான் பார்க்கிறேன்.

உடலைக் கட்டுவது பெரும்பாலும் உஷ்ணத்தை ஆள்கிற வித்தை. பசையால் ஒட்டலாமே என்று கேட்பவர்கள், சில ஆண்டுகளுக்குப் பின் ஓட்டுநர் அறை கையோடு வந்தபிறகு ஈயப்பற்றுக்குத் திரும்புகிறார்கள். இணைக்க வேண்டிய இரு பரப்புகளையும் கண்ணாடி நார்த் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து (அந்த நார் விரலில் ஏறினால் ஒரு வாரம் குத்தும்), நீர்த்த பாஸ்போரிக் அமிலத்தை பிளக்ஸாகத் தடவி, சால்டரிங் இரும்பின் நுனியில் சிறிதளவு ஈயத்தை ஏந்தி வைக்க வேண்டும். பற்று பாய்வது இரும்பின் சூட்டால் அன்று, தகட்டின் சூட்டால். தகடு சூடேறாத இடத்தில் ஈயம் உருண்டையாக நின்றுவிடும். பித்தளை உஷ்ணத்தை விரைவாகக் கடத்திவிடும்; ஜெர்மன் வெள்ளி ஏறக்குறைய அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே கடத்துகிறது. ஆகையால் ஜெர்மன் வெள்ளியில் ஓரிடத்தைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் முன்பு பற்றவைத்தது கழன்று விழுவதில்லை. விலை சற்று மிகுதியானாலும் அடிச்சட்டத்துக்கும் நுண்ணிய வேலைக்கும் அதையே பலரும் விரும்புகிறார்கள்.

உலோகம் சூட்டில் நீளும் என்பது பள்ளிப் பாடம். 10 சென்டிமீட்டர் பித்தளைத் தகடு 200 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீள்கிறது. நிஜ அளவில் அது ஓர் அங்குலத்துக்கு மேல். நடைத்தட்டின் ஓரப்பட்டையை ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே இழுப்பாகப் பற்றவைக்கிறவன், குளிர்ந்தபின் அது வில்லாக வளைந்திருக்கக் காண்பான். நடுவில் ஒரு புள்ளி, இரு முனைகளில் இரு புள்ளிகள், அவற்றினிடையே மேலும் சில புள்ளிகள் என்று முதலில் தொட்டுத் தொட்டு நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பலகையில் வைத்து நேர்பார்த்து, கடைசியில் மட்டும் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். ஈயத்திலும் வரிசை உண்டு. சாதாரண வெள்ளீய-காரீயக் கலவை 180 பாகைக்குச் சற்று மேலே உருகும். 145 பாகையில் உருகுவது ஒன்று. 70 பாகையிலேயே உருகும் பிஸ்மத் கலவை ஒன்று. கடினமானதில் தொடங்கி மென்மையானதில் முடித்தால், பின்வேலை முன்வேலையைக் கலைக்காது. கடைசியாகச் சொன்ன கலவை, தானே உருகிவிடக்கூடிய வெள்ளீய வார்ப்புகளை ஒட்டுவதற்கென்றே ஏற்பட்டது; ஆனால் அது பித்தளையை நேராகப் பற்றாது, முதலில் பித்தளைக்கு வேறு ஈயத்தால் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். இக்கலவைகளில் சில நச்சு உலோகங்களைக் கொண்டவை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வதும், சாப்பாட்டுக்கு முன் கையைக் கழுவுவதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

மடிப்புக் கோட்டில் தகடு ஒருமுறைதான் மடியும். தவறாக மடித்து நிமிர்த்தி மறுபடி மடித்தால் அது ஒடிந்து கையில் வரும். சரியாக மடிந்ததையும் உட்புறம் ஈயம் ஓடவிட்டு உறுதிப்படுத்த வேண்டும். கொதிகலத்தின் உருளை வடிவம் மடிப்புக்கு வசப்படாதது. தகட்டைச் சூடேற்றி மென்மையாக்கி, ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, தேவையான விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய உருளைக் கம்பியை அதன்மேல் அழுத்தி உருட்ட உருட்ட அது மெல்ல வளைந்து கொடுக்கும். புகைபோக்கியும் அதன் பின்னேயுள்ள கும்மட்டமும் தகட்டில் பிறக்கமாட்டா. அவை லேத்தில் கடைந்தோ, மெழுகில் உருவம் செய்து மண்பூசி உருக்கி ஊற்றும் முறையில் பித்தளையில் வார்த்தோ தரப்படுகின்றன. சுவாமிமலை ஸ்தபதிகளின் கைமுறையும் இதே தத்துவத்தின் மேல் நிற்பது. எஞ்சினின் முகத்தைத் தீர்மானிப்பது புகைபோக்கிதான். மற்றெல்லா அளவும் சரியாயிருந்து அது மட்டும் கால் மில்லிமீட்டர் பருத்துவிட்டால், பார்த்துப் பழகிய கண் உடனே முகம் சுளிக்கும்.

இங்கே ‘அளவு பிசகாமை’ என்ற கோட்பாட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நிஜ எஞ்சினின் ஓட்டுநர் அறைத் தகடு 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன் 76-இல் ஒரு பங்கு காகிதத்தினும் மெல்லியதாகும். கட்டுவதற்கு உபயோகமாகும் தகடோ 0.25 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஜன்னல் ஓரங்களையும் படிகளின் விளிம்புகளையும் மட்டும் பாதி அரித்தோ ராவியோ மெலிதாக்கிக் கண்ணை ஏமாற்றுகிறோம். எடையின் கதை இன்னும் விசித்திரம். நீளம் 76-இல் ஒரு பங்காகும்போது எடை அதன் கன அளவால் குறைகிறது. 47½ டன் நிறையுள்ள 5700 வகுப்பு எஞ்சின், விகிதப்படி சுமார் 109 கிராம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு இலேசான எஞ்சின் நீண்ட வண்டித் தொடரை இழுக்க மாட்டாமல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும். ஆகையால் தொட்டிகளுக்குள்ளும் கொதிகலத்துக்குள்ளும் காரீயத் துண்டுகளை அடைத்து, விகிதத்தைப் போல் இரண்டு பங்குக்கு மேலும் கனமேற்றுகிறார்கள். அளவைச் சுருக்கலாம்; பூமியின் ஈர்ப்பைச் சுருக்க இயலாது. நுண்ணளவுவாதிகள் இந்தக் காரீயத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வர்ணம் பூசுவதைப் பற்றி இங்கே நீட்டி எழுத வேண்டியதில்லை. அமிலத்தின் மிச்சம் ஒரு துளியும் இல்லாமல் கழுவுவதும், உலோகத்தைக் கவ்விப்பிடிக்கும் அடிப்பூச்சை முதலில் இடுவதுமே அதில் பாதி.

இனி ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு இன்றைய நிலைமையை வைத்து விடை தேடலாம். சீனத் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டு, நுண்ணிய எழுத்துவரை அச்சிட்டு வருகிற பிளாஸ்டிக் எஞ்சின்கள், சராசரிக் கைவேலையைத் தோற்றத்தில் எப்போதோ வென்றுவிட்டன. 5700 வகுப்பையே கடையில் ஆயத்தமாக வாங்கலாம். ஆகையால் கையில் ஒரு 5700 வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவன் தகட்டைக் கட்டினால் அது அவனது சொந்த இன்பம்; வாதிட இடமில்லை. ஆனால் எஃகு வார்ப்பச்சைக் குடைந்து பிளாஸ்டிக் வார்க்கிறவருக்கு, ஆயிரக்கணக்கில் விற்றாலன்றிப் போட்ட முதல் திரும்பாது. எனவே எல்லாருக்கும் தெரிந்த எஞ்சின்களையே அவர் திரும்பத் திரும்ப வெளியிடுகிறார். 1923-இல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காக இணைக்கப்படுவதற்கு முன்பு, ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் வடகிழக்குச் சுரங்க நாட்டிலும் பத்தும் இருபதுமாகக் கட்டப்பட்டு மறைந்த எஞ்சின் வகைகளுக்கு அங்கே இடமில்லை. அரிப்புத் தகட்டுக்கு வேண்டியது ஒரு வரைபடமும் ஒரு படச்சுருளும் மட்டுமே. ஐம்பது பேர் கேட்டால் ஐம்பது தகடு. அடுத்த ஆண்டு ஐந்து பேர் கேட்டால் ஐந்து. தொழில் நடத்துபவர் பல சமயம் ஒரு தனிமனிதர். அவர் ஓய்வுபெறும்போது வரைபடங்கள் இன்னொருவர் கைக்கு மாறுகின்றன, சில சமயம் மாறாமலே போய்விடுகின்றன. ஜப்பானின் மஷீமா கம்பெனி தன் சிறு மோட்டார்களின் உற்பத்தியை நிறுத்தியபோது, அவற்றின் உருவத்துக்கென்று வரைந்த எத்தனையோ பற்சக்கரப் பெட்டிகளுக்கு வேறு மோட்டார் தேடவேண்டி வந்ததும் இந்தச் சிறுதொழிலின் சுபாவத்தைக் காட்டுகிறது.

முப்பரிமாண அச்சு முறை வந்தபின் தகட்டின் காலம் முடிந்தது என்று சிலர் ஜோசியம் சொல்கிறார்கள். புகைபோக்கி, கும்மட்டம், உருண்ட கொதிகலம் ஆகியவற்றைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. அவை எந்நாளும் தகட்டுக்கு உகந்தவை அல்ல. ஆனால் மெல்லிய பிசின் சுவர் நாளடைவில் வளைகிறது; பிசினில் குடைந்த துளை சுழலும் எஃகு அச்சை நீண்ட நாள் தாங்குவதில்லை; பிசின் தண்டு இழுவையில் ஒடிகிறது. புதிதாக வருகிற உறைகள் சிலவற்றில் உடல் முழுவதும் பிசினில் அச்சிட்டதாக இருக்கிறது. சட்டமும் தண்டும் ஏறுபடியும் மட்டும் முன்போலவே ஜெர்மன் வெள்ளித் தகட்டில் வருகின்றன. அவற்றை வாங்குகிறவனும் முதலில் தண்டைப் பற்றவைத்து, அதைக் கொண்டே பேரிங்கின் இடத்தைக் குறித்தாக வேண்டும்.